முன்னால் போன வண்டி

மூன்றாவது தேநீரைக் குடித்து முடித்த பிறகுதான் சின்னவனுக்குக் கோபம் வந்தது. பெட்ரோல் பங்கின் ஓரத்தில், டயருக்குக் காற்றடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தான். லாரிகள் வந்தன. கார்கள் வந்தன. கோழிகளை ஏற்றிய ஒரு வேன் வழியெல்லாம் இறகு உதிர்த்துக்கொண்டு போனது. அத்தானின் சிவப்பு வண்டியை மட்டும் காணோம். மணி பன்னிரண்டு இருபது.

“எங்கயாவது போர்டு பார்த்துக்கிட்டு நிப்பாரு,” என்று தேநீர்க் கடைக்காரரிடம் சொன்னான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் யாரிடமாவது அத்தானைப் பற்றிப் புகார் சொன்னால் தேவலை என்று இருந்தது.

அத்தான் என்றால் அவன் அக்காவின் கணவர். பேருந்துப் பணிமனையில் முப்பத்து மூன்று வருடம் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதி எழுதியே தலை நரைத்தவர். சாலையோரத்துத் தூரப் பலகை ஏதாவது முந்தின பலகையோடு ஒத்துப்போகவில்லை என்றால் அவருக்குப் பொறுக்காது. வண்டியை ஓரங்கட்டி இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். “அங்க நாப்பத்தாறுன்னு போட்டான். ரெண்டு கிலோமீட்டர் வந்த பிறகு இங்க நாப்பத்தெட்டுங்கறான். ஊரு நம்மளைப் பார்த்துப் பின்னால போகுதா மாப்ளே?”

சின்னவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஐம்பத்திரண்டு வயது, முன்தலை வழுக்கை, மூக்குக்கண்ணாடி எல்லாம் வந்த பிறகும் வீட்டில் அவன் சின்னவன்தான். வருடம் முழுக்க இருட்டுக் குழிக்குள் கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பவனுக்கு வருடத்தில் பத்து நாள் வானம் வேண்டியிருந்தது. அத்தானுக்கோ அத்தனை பேருந்துகளை அனுப்பிவைத்துவிட்டு ஒன்றிலும் ஏறிப் போகாத ஏக்கம். பத்தொன்பது வருடங்களாக இருவரும் ஆளுக்கொரு வண்டியில் கிளம்பிவிடுவார்கள். “போயிட்டு வாங்க, பத்து நாளாவது வீடு வீடா இருக்கும்,” என்பாள் அக்கா. வாசலில் நின்று ஒரே ஒரு நிபந்தனையும் போடுவாள். “ஒருத்தரை ஒருத்தர் விட்டுடக் கூடாது. ஒட்டிக்கிட்டே போங்க.”

ஒட்டிக்கொண்டு போவது சொல்வதற்கு எளிது. மூன்றாவது வருடப் பயணத்தில், இடையில் செடி வளர்த்த நெடுஞ்சாலை ஒன்றில், முன்னால் போன அத்தான் பின்னால் வருபவனைக் காணவில்லையே என்று திரும்பினார். பெட்ரோல் போட நின்றிருந்த சின்னவனோ அதற்குள் அவரைத் தாண்டிப் போய்விட்டு, இவரைக் காணோமே என்று திரும்பினான். செடிக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாக நாலு தடவை எதிரும் புதிருமாகப் போய் வந்தார்கள். அரை நாள் போயிற்று. அன்றைக்குப் பணிமனைச் சட்டம் ஒன்று பயணத்துக்கும் வந்தது. கிளம்பின வண்டி திரும்பாது. முன்னால் போகிறவர் நூற்றிருபது கிலோமீட்டருக்குள் இடது பக்கம் வருகிற நல்ல பெட்ரோல் பங்கில் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். பின்னால் வருபவர் வந்து சேர்ந்துகொள்வார். எவ்வளவு நேரமானாலும் முன்னால் போனவர் திரும்பக் கூடாது. ஓட்டிக்கொண்டிருக்கும்போது யாரும் போனை எடுக்கவும் கூடாது. பதினாறு வருடங்களாக அந்தச் சட்டம் ஒருமுறைகூடப் பொய்க்கவில்லை.

ஆகவே அவன் காத்திருந்தான். இரண்டு தடவை போன் செய்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை என்றால் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்றால் வந்துவிடுவார்.

உண்மையில் அவனுடைய கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. சீக்கிரம் கிளம்பினால் மறுபடி முன்னால் போகலாம்.

பத்தொன்பது வருடமும் முன்னால் போனது அத்தான்தான். சின்னவனுக்குச் சாலை என்றால் அத்தானுடைய முதுகு, அவருடைய பழுப்பு நிறச் சட்டை, பின்னிருக்கையில் ரப்பர் பட்டை போட்டுக் கட்டிய பை. அதற்கப்பால்தான் மலையோ கடலோ எதுவாக இருந்தாலும். இன்றைக்குக் காலையில், வழியில் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டு முடித்துக் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தபோது அத்தான் சொன்னார்.

“மாப்ளே, இன்னைக்கு நீ முன்னால போ.”

“ஏன், சூரியன் மேற்கால உதிச்சிருக்கா?”

“போடா. வீட்டுக்கு இன்னும் நானூறு கிலோமீட்டர்தான். உன் முதுகு எப்படி இருக்குன்னு ஒரு நாளாவது பார்க்கறேன்.”

அவன் இரண்டாம் தடவை கேட்கவில்லை. எங்கே மனசு மாறிவிடுவாரோ என்று உடனே கிளம்பிவிட்டான். மணி பத்தேகால். வெயில் ஏறியிருந்தாலும் காற்று இன்னும் சுடவில்லை. அறுவடை முடிந்த வயல்கள் இரண்டு பக்கமும் வெளிறிக் கிடந்தன. முன்னால் யாருமில்லை. அத்தனை வருடங்களில் முதல் தடவையாகச் சாலை முழுசாகத் தெரிந்தது. தூரத்தில் அது ஒரு மேட்டில் ஏறி வானத்துக்குள் முடிவதுபோல இருந்தது. பக்கத்தில் போனால் அடுத்த மேடு. லாரிகளைக் கடக்கும்போது காற்று ஒரு நொடி நின்று, பிறகு தோளில் அறைந்தது. ஹெல்மெட்டுக்குள் அவன் பாடினான். நன்றாகப் பாடுவதாக நினைத்துக்கொண்டான். எண்பதில் போக வேண்டியவன் தொண்ணூறில் போனான்.

கண்ணாடியில் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று பிறகு எத்தனை யோசித்தும் அவனுக்கு நினைவு வரவில்லை. அந்த ஒன்றரை மணி நேரமும் அவன் சந்தோஷமாக இருந்தான். அதைத்தான் அவனால் பின்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு மூன்றாவது தடவை போன் செய்தான். அப்போது பால் டேங்கர் ஒன்று பங்குக்குள் வந்து நின்றது. இறங்கிய ஓட்டுநர் அவனுடைய வண்டியை, அதன் பின்னால் கட்டியிருந்த பையை, ஹெல்மெட்டைப் பார்த்தார்.

“ஏங்க, உங்க கூட இன்னொரு வண்டி வந்துச்சா? சிவப்பு?”

“ஆமா. எங்க நிக்கிறாரு?”

“ஒரு பதினெட்டு, இருபது கிலோமீட்டர் இருக்கும். மரத்தடியில உக்காந்திருக்காரு. நான் ஹார்ன் அடிச்சேன். திரும்பிப் பார்க்கல.” ஓட்டுநர் கொஞ்சம் தயங்கினார். “தூங்குறாரோ என்னவோ. போய்ப் பாருங்க.”

சின்னவன் திரும்பினான். பதினாறு வருடத்தில் முதல் தடவை. ஆனால் நினைத்த இடத்தில் திரும்ப அந்தச் சாலை விடவில்லை. நடுவில் சுவர். இடைவெளிக்கு முன்னால் இன்னும் நாலு கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. அத்தானை நோக்கிப் போவதற்காக அத்தானிடமிருந்து நாலு கிலோமீட்டர் விலகிப் போனான். அந்த நாலு கிலோமீட்டரில் அவன் பாடவில்லை, யோசிக்கவும் இல்லை. இடைவெளி வந்துவிட வேண்டும் என்று மட்டும் கண்களை நட்டுக்கொண்டு போனான்.

அத்தான் வண்டியைச் சாலையிலிருந்து நன்றாகத் தள்ளி, நடு ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்து, எல்லாம் முறைப்படி நிறுத்தியிருந்தார். கையுறைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி இருக்கையின் மேல் வைத்திருந்தார். மரத்தில் சாய்ந்து, கால்களை நீட்டி, சட்டையின் மேல் இரண்டு பொத்தான்களைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் வலி எதுவும் இல்லை. ஒரு பலகையில் தப்புக் கண்டுபிடித்துவிட்டு, அதைச் சொல்வதற்கு ஆள் வரட்டும் என்று காத்திருப்பவர் மாதிரிதான் இருந்தது.

“அத்தான்,” என்றான் சின்னவன். பிறகு குனிந்து அவர் கையைத் தொட்டான்.

நின்ற ஒரு சுமை வண்டிக்காரரும் அவருடைய மனைவியும் உதவிக்கு வந்தார்கள். பதினோரு கிலோமீட்டரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே கட்டிலில் கிடத்திப் பார்த்த டாக்டர் அவனுடைய மகள் வயதுப் பெண். ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டே, உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினாள்.

“ஹார்ட் அட்டாக்தான். கொண்டு வரும்போதே உயிர் இல்ல. பன்னெண்டு மணிவாக்குல நடந்திருக்கும்.”

“பக்கத்துல ஆள் இருந்திருந்தா, டாக்டர்?”

அவள் ஒரு நாற்காலியை இழுத்து அவன் எதிரே உட்கார்ந்தாள். சும்மா ஆறுதல் சொல்லி அனுப்புகிற பெண்ணில்லை போலிருக்கிறது.

“சொல்ல முடியாதுங்க. சிலருக்கு நேரம் கிடைக்குது. சிலருக்கு அதுவும் கிடைக்கறதில்ல.”

பன்னிரண்டு மணிக்கு அவன் இரண்டாவது தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். சர்க்கரை போதாது என்று சொல்லி இன்னொரு கரண்டி போடச் சொன்னான்.

தாழ்வாரத்தின் கோடியில், மருந்துப் பெட்டிகள் அடுக்கிய இடத்தில் நின்றுகொண்டு அக்காவுக்குப் போன் செய்தான். அக்கா மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். முப்பது வருடமாக அதே கடை, அதே கண்ணாடி மேசை. கடை நேரத்தில் போன் செய்தால் ஏழெட்டுத் தடவை மணி அடித்த பிறகுதான் எடுப்பாள். இன்றைக்கு முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“சொல்லு.”

“அக்கா… அத்தான்…”

மேலே வரவில்லை. அந்தப் பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்பது காதில் விழுந்தது.

“எங்க இருக்கீங்க?”

“ஆஸ்பத்திரியில.”

“இருக்காரா?”

“இல்லக்கா.”

இருமல் மருந்துக்காரர் மறுபடி கேட்டார். “பக்கத்துக் கடையில கேளுங்க,” என்று அக்கா தெளிவாகச் சொல்வது கேட்டது. ஷட்டரைப் பாதி இறக்கும் சத்தம். பிறகு அவள் குரல் இன்னும் அருகில் வந்தது.

“நீ பக்கத்துல இருந்தியா?”

வாசலில் நின்று பத்தொன்பது தடவை அவள் சொன்ன அந்த ஒரே நிபந்தனை. இல்லை என்று சொல்ல வேண்டியதுதான். ஒரு வார்த்தை. ஆனால் வந்தது வேறு.

“இருந்தேன்.”

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். போகவில்லை.

“பக்கத்துலதான்க்கா இருந்தேன். கஷ்டப்படல. தூங்குற மாதிரிதான்…” அவளுடைய மௌனத்தை நிரப்ப வேண்டியிருந்ததால் அவன் சொல்லிக்கொண்டே போனான். “என் தோள்லதான் சாஞ்சிருந்தாரு.”

“சரி,” என்றாள் அக்கா. “வேகமா ஓட்டாம வா.”

நர்ஸ் ஒரு துணிப்பையில் அத்தானின் பொருட்களைப் போட்டுக் கொடுத்தாள். கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, வண்டிச் சாவி, ஒரு மாத்திரை அட்டை, அவருடைய பழைய பட்டன் போன். கையுறையோடு அழுத்தலாம் என்று அவர் விடாப்பிடியாக வைத்திருந்த போன். பூட்டு கீட்டு எதுவும் கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்து, வேறு யாருக்குச் சொல்ல வேண்டும் என்று எண்களைத் தேடப் பச்சைப் பொத்தானை அழுத்தினான். வந்து தவறிய அழைப்புகள் மூன்றும் அவனுடையவை. அதற்குக் கீழே, போன அழைப்பு ஒன்று இருந்தது. ‘வீட்டுக்காரம்மா. 11.41. ஆறு நிமிடம்.’

சின்னவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். திரை அணைந்துவிட்டது. மறுபடி அழுத்திப் பார்த்தான். பதினொன்று நாற்பத்தொன்றுதான்.

மரத்தடியில் உட்கார்ந்ததும் அத்தான் அக்காவுக்குப் பேசியிருக்கிறார். முன்னால் போனவனைக் கூப்பிடவில்லை. கிளம்பின வண்டி திரும்பாதே. ஓட்டுகிறவன் போனை எடுக்கவும் மாட்டான். அவளைக் கூப்பிட்டிருக்கிறார். ஆறு நிமிடம் பேசியிருக்கிறார். ‘உன் தம்பி முன்னால போயிட்டான், நான் மட்டும் உக்காந்திருக்கேன்’ என்று சொல்லாமலா இருந்திருப்பார்? ஆக, அவன் ‘பக்கத்துலதான் இருந்தேன்’ என்று சொன்னபோதே அது பொய் என்று அக்காவுக்குத் தெரியும். தோளில் சாய்ந்தார் என்று வேறு சொன்னானே! அவமானத்தில் காது மடல்கள் சுட்டன. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றாள். அது எப்படி முடிந்தது அவளால்?

பையில் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நெஞ்செரிச்சலுக்குப் போடுகிற மாத்திரை. பயணம் கிளம்பும்போதெல்லாம் அக்கா இருவர் பையிலும் ஆளுக்கொரு அட்டை வைத்து அனுப்புவாள். பத்தில் ஒன்று பிரிக்கப்பட்டிருந்தது. அத்தான் தானாக மாத்திரை போடுகிற ஆளில்லை. தலைவலி என்றாலும் அக்கா கையில் வைத்து முறைத்தால்தான் போடுவார். அந்த ஆறு நிமிடத்தில் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பது சின்னவனுக்குக் காதில் கேட்கிற மாதிரி இருந்தது. ‘காலையில என்ன சாப்பிட்டீங்க? முட்டையா? அப்புறம் எரியாம என்ன செய்யும்? மாத்திரையைப் போட்டுட்டு ஒரு பத்து நிமிஷம் உக்காருங்க.’

அவளும் அவனைக் கூப்பிட்டிருக்கலாம். திரும்பிப் போய்ப் பாருடா என்றிருக்கலாம். தோன்றவில்லை. அவனுக்கும்தான் தோன்றவில்லை.

மாத்திரை அட்டையை மட்டும் எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அத்தானைக் கொண்டுபோக வேன் வந்தது. சிவப்பு வண்டியை ஆஸ்பத்திரிக் காவலாளியிடம் ஒப்படைத்தார்கள். வேன் ஓட்டுநர் நடுத்தர வயதுக்காரர், பேச்சு குறைந்தவர்.

“வண்டியை இங்கயே விட்டுட்டு நீங்களும் வேன்ல வரலாமே. இந்த மனசோட ஓட்டணுமா?”

“ஓட்டிடுவேன்.”

“அப்ப முன்னால போறீங்களா, பின்னால வர்றீங்களா?”

“பின்னால,” என்றான் சின்னவன்.

முன்னூறு கிலோமீட்டரும் வேனின் பின்கதவைப் பார்த்தபடியே ஓட்டினான். அது அறுபதைத் தாண்டவில்லை. பிற்பகல் வெயிலில் தார் பளபளத்தது. முதுகு வலித்தது, உள்ளங்கைகள் மரத்துப்போயின, கண்ணாடிக்குள் வியர்வை இறங்கிக் கண் எரிந்தது. அழுகிறோமா வியர்க்கிறதா என்று அவனுக்கே பிடிபடவில்லை. இரண்டு தூரப் பலகைகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. தன்னையறியாமல் சொல்ல வாயெடுத்துவிட்டு மூடிக்கொண்டான். எதிர்ச்சாரியில் ஜோடி ஜோடியாக வண்டிகள் மூட்டை முடிச்சோடு போயின. அவனுடைய பையைப் பார்த்து ஒருவன் கையை உயர்த்திக் காட்டினான். பயணக்காரர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிற சாடை. சின்னவனும் கையை உயர்த்தினான்.

வீட்டை அடைந்தபோது இருட்டிவிட்டது, வாசல் விளக்கு எரிந்தது. அக்கா வாசலில் நின்றிருந்தாள். வேன் பக்கம் போகாமல் முதலில் அவனிடம் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றக் கை வராமல் அவன் தடுமாற, அவளே தாடைக்குக் கீழே வாரை அவிழ்த்துவிட்டாள். முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு வேனை நோக்கி நடந்தாள்.

மறுநாள் எல்லாம் முடிந்தது. அதற்கு மறுநாளிலிருந்து விசாரிக்க வருகிறவர்கள் வரத் தொடங்கினார்கள். முன்னறையில் வாடகை நாற்காலிகள். பணிமனையில் அத்தானோடு வேலை பார்த்தவர்கள், மருந்துக் கடை வாடிக்கையாளர்கள், மாடி வீட்டுக்காரர்கள். வாசலில் யாரோ கேட்க, அக்கா பதில் சொல்வது சின்னவனுக்குக் கேட்டது.

“தனியா இல்ல. என் தம்பி பக்கத்துலதான் இருந்தான். அந்த மட்டும் நிம்மதி.”

எத்தனை பேர் வந்தார்களோ அத்தனை தடவையும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவனுக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. அவன் பொய்யை அவளே கையில் ஏந்திக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். எதற்கு? தண்டனையா? அக்கா அப்படிப்பட்டவள் இல்லை; திட்ட வேண்டுமென்றால் நேரே திட்டிவிடுவாள், தெருவே கேட்கும்.

பொறுக்க முடியாமல் ஒருமுறை அடுப்படிக்குள் போனான். அக்கா டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்.”

“நாற்காலிக்காரன் அஞ்சு மணிக்கு வருவான்,” என்றாள் திரும்பாமலே. “பத்தை அனுப்பிடு, பத்து இருக்கட்டும். நாளைக்கும் ஆள் வரும்.”

“இல்லக்கா, அன்னைக்கு…”

“கால் உடைஞ்சது ஒண்ணு இருக்கு. அதை அவன்கிட்ட காட்டிக் குடு. அப்புறம் நாமதான் உடைச்சோம்பான்.”

அவன் நின்று பார்த்துவிட்டு நாற்காலிகளை எண்ணப் போனான்.

மூன்றாம் நாள் பிற்பகல் பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். எண்பத்து நாலு வயது, காது மந்தம், குரல் மட்டும் வெண்கலம். இரண்டு ஊர் தாண்டி வந்திருந்த அவருக்கு எதையும் ஆரம்பத்திலிருந்து கேட்டால்தான் திருப்தி. நடு நாற்காலியில் உட்கார்ந்து, சின்னவனைப் பிடித்து எதிரே உட்காரவைத்துக்கொண்டார். அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அக்கா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன நடந்துச்சு? விடாம சொல்லு.”

சின்னவன் சொன்னான். இதற்குள் பத்துப் பன்னிரண்டு தடவை சொல்லிப் பழகியிருந்தது. காலையில் சாப்பிட்டது, கிளம்பியது, வெயில். பிறகு அத்தான் வண்டியை ஓரங்கட்டியது, இவனும் கூடவே நிறுத்தியது, மரத்தடி.

“உக்காந்தாரு. கொஞ்ச நேரத்துல…”

“கொஞ்ச நேரம்னா? உக்காந்ததும் என்ன சொன்னாரு? ஒண்ணுமே பேசலையா மனுஷன்?”

மற்றவர்கள் யாரும் இவ்வளவு தூரம் கேட்டதில்லை. கொஞ்ச நேரத்துல போயிட்டாரு என்றதும் உச்சுக்கொட்டி நிறுத்திக்கொள்வார்கள். லிஃப்ட் நடு மாடியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியும். இதற்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

“வெயில் முதுகுல படுதுன்னாரு,” என்றாள் அக்கா.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. முழங்காலில் கிடந்த புடவை மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

“தம்பி எங்கிட்ட சொன்னான். வெயில் படுதுன்னு மரத்துக்கு அந்தப் பக்கமா மாறி உக்காந்தாரு. எதிர்ல ஒரு குளம் இருக்கு, நிறைய கொக்கு நிக்குதுன்னாரு. அடுத்த தடவை உன்னையும் கூட்டிட்டு… என்னையும் கூட்டிட்டு வரணும்னாரு.” அவள் ஒரு கணம் நிறுத்தினாள். “அப்புறம் தண்ணி வேணும்னாரு. பாட்டில் மூடி இறுகிக் கிடந்துச்சு, கையில பிடி இல்ல, திறக்க வரல அவருக்கு. இவன்தான் திறந்து குடுத்தான்.”

சின்னவன் அவளைப் பார்த்தான். இப்போது அவளும் பார்த்தாள்.

“அப்படியா?” என்றார் பெரியப்பா.

“ஆமா,” என்றான் சின்னவன். “நான்தான் திறந்து குடுத்தேன்.”

“எதுக்குத் தண்ணி? தாகமா?”

“நெஞ்சு எரியுதுன்னாரு,” என்றாள் அக்கா. அதுவரை நிதானமாக வந்த குரல் இங்கே தடுமாறியது. “காலையில சாப்பிட்டதுதான்னு நினைச்சு, மாத்திரை…”

அதற்குமேல் அவளால் போக முடியவில்லை. புடவை மடிப்பைப் பிடித்த விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

“மாத்திரையைப் போடுங்கன்னு நான்தான் சொன்னேன்,” என்றான் சின்னவன்.

அறையில் ஒரு சலசலப்பு எழுந்தது. பெரியப்பா கையைக் காதுக்குப் பின்னால் குவித்தார்.

“என்ன மாத்திரை?”

“நெஞ்செரிச்சலுக்குப் போடறது, பெரியப்பா. சாதாரண எரிச்சல்தான்னு நினைச்சேன். போட்டுட்டுப் பத்து நிமிஷம் உக்காருங்க, சரியாயிடும்னு சொன்னேன்.”

“அட கூறு கெட்டவனே!” பெரியப்பாவின் குரல் வாசல்வரை போனது. “அம்பது வயசு தாண்டிடுச்சு உனக்கு. நெஞ்சுல எரியுதுன்னா அது எதுவோன்னு ஒரு பதற்றம் வர வேண்டாமா? மருந்துக் கடையில முப்பது வருஷமா நிக்கறா உன் அக்கா. ஒரு போன் போட்டு அவளைக் கேட்டிருக்கக் கூடாதா? என்ன ஏதுன்னு அந்த நிமிஷமே சொல்லியிருப்பாளே!”

மாடி வீட்டுக்காரர் பரிதாபமாக அவனைப் பார்த்துவிட்டுக் கண்களைத் தாழ்த்திக்கொண்டார். சின்னவன் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் தாங்காது என்று தெரியும்.

“தோணல பெரியப்பா,” என்றான்.

“தோணலையாம், தோணல!”

பெரியப்பா இன்னும் வெகு நேரம் திட்டினார். சின்னவன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். அக்கா எழுந்து உள்ளே போவது ஓரக்கண்ணில் தெரிந்தது. அடுப்படியில் குழாய் திறந்து, வெகு நேரம் ஓடி, நின்றது.

அவள் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து, பெரியப்பாவைத் தாண்டி, அவன் முன்னால் நின்றாள். முகம் கழுவியிருந்தாள், நெற்றியோரத்து முடியில் ஈரம் இருந்தது.

“குடி,” என்றாள்.

அவன் வாங்கிக் குடித்தான். குடித்து முடிக்கும்வரை, காலி டம்ளருக்காகக் கையை நீட்டியபடி, அவள் அங்கேயே நின்றாள்.